108 மெகாபிக்சலும் எங்கள் ஆயாவும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவையில் கேட்டபோது, எல்லாரையும் போல நட்பைப் பற்றி ஒரு கவிதை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். அது ஒரு போட்டோவைப் பற்றியது. "செராமிக் படிக்கிற பொண்ணுக்குக் கேமராவைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். தெரியாமல் போனதால்தான் எழுதுகிறேன்!

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா லாரிக்கு லோடு ஏற்றும் வேலை. அம்மா இங்கே விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் பினிஷிங் வேலை பார்க்கிறார். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் எது வாங்கினாலும் அட்டையைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. மிக்ஸியானாலும் சரி, மாத்திரையானாலும் சரி.

அப்பா போன் வாங்கப் போனபோதும் அப்படித்தான். கடையில் ரெண்டு போன் காட்டினார்கள். ஒன்றில் 50 மெகாபிக்சல், இன்னொன்றில் 108. "108தான்ப்பா பெருசு, அதையே வாங்கு" என்றேன். விலை ரெண்டாயிரம் ரூபாய் கூடுதல். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. "நீ படிக்கிற புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தவணைக்குக் கையெழுத்துப் போட்டார்.

போன ஆடி மாசம் எங்கள் ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், தவறிவிட்டார்கள். கருமாதிக்குள் படம் போட்டு மாட்ட வேண்டும். தேடிப் பார்த்தால், ஆயாவைத் தனியாக யாருமே படம் எடுக்கவில்லை! போனில் நூற்றுக்கணக்கான படம் இருக்கிறது. அதில் ஆயா இருப்பது ஒன்றே ஒன்றில்தான். பொங்கலன்று சாயங்காலம், வீட்டுக்குள்ளே, ஒற்றை பல்பு வெளிச்சத்தில் எல்லாரும் நின்று எடுத்தது. பின்னால் ஓரமாக ஆயா. அதைக் கொண்டுபோய் ஸ்டுடியோவில் கொடுத்து, "ஆயாவை மட்டும் பெருசு பண்ணிக் கொடுங்கண்ணா. 108 மெகாபிக்சல் போன்ல எடுத்தது" என்றேன், பெருமையாக.

ஸ்டுடியோ அண்ணன் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நெற்றியில் குத்தியிருந்த பச்சை இல்லை. மூக்குத்தி வெறும் வெள்ளைப் புள்ளி. சின்னப் பிள்ளை மெழுகில் செய்த பொம்மை மாதிரி வழவழவென்று ஒரு முகம். "இது எங்க ஆயா இல்லண்ணா" என்றேன். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "நல்ல போனுதானம்மா வாங்கினோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

கேமராவுக்குள் ஒளி வந்து விழுகிற சின்னத் தகடுதான் சென்சார். முன்பு பிலிம் இருந்த இடத்தில் இப்போது அது இருக்கிறது. பெரிய கேமராக்களில் 'ஃபுல் பிரேம்' என்று சொல்கிறார்களே, அதன் சென்சார் 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம். இந்த அளவு நேற்று வந்ததல்ல. 35 மி.மீ. சினிமா பிலிமை வைத்து 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவின் பிலிம் அளவு அது. சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பலவற்றில் சென்சார் சுமார் 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். எங்கள் அப்பாவின் போன் வகையில் ஏறத்தாழ 8க்கு 6 மில்லிமீட்டர்தான்.

கணக்குப் போடுங்கள். ஃபுல் பிரேம் 864 சதுர மில்லிமீட்டர். போன் 48 சதுர மில்லிமீட்டர். பதினெட்டு மடங்கு வித்தியாசம்!

இதனால் என்ன? மழையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மழைதான் பெய்கிறது. முற்றத்தில் ஒரு அண்டாவும் ஒரு டம்ளரும் வைத்தால் ரெண்டிலும் ஒரே அளவா தண்ணீர் சேரும்? ஒளியும் மழை மாதிரி துளித்துளியாகத்தான் விழுகிறது. அந்தத் துளிக்கு போட்டான் என்று பெயர். பட்டப்பகலில் அடைமழை, டம்ளரும் நிறைந்துவிடும். ஒற்றை பல்பு எரியும் வீட்டுக்குள் தூறல்தான். டம்ளரில் என்ன சேரும்?

தூறல் போடும்போது வாசலில் இருக்கிற கல்லைப் பாருங்கள். ஒரு கல்லில் நாலு துளி விழும், பக்கத்துக் கல்லில் ஒன்பது விழும். ரெண்டும் ஒரே கல்தான், ஒரே மழைதான். ஒளியிலும் இந்த ஏற்றத்தாழ்வு இருக்கிறது. ஒரு இடத்தில் சராசரியாக 100 துளி விழுந்தால் பத்து கூடும், பத்து குறையும். அது நூற்றுக்குப் பத்து. 10,000 துளி விழுந்தால் நூறு கூடும் குறையும்; அது நூற்றுக்கு ஒன்றுதான். ஒளி கம்மியாகச் சேர்ந்த படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதனால்தான். நாய்ஸ் என்கிறார்கள். எந்த மந்திரத்தாலும் இதை இல்லாமல் செய்ய முடியாது. ஒளி நிறையச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மணலைப் போன் சும்மா விடுவதில்லை. மென்பொருளை வைத்துத் துடைக்கிறது. அம்மா ஒருநாள் சொன்னது நினைவுக்கு வருகிறது: "பிசிறைத் துடைக்கும்போது ஸ்பாஞ்சைக் கொஞ்சம் அழுத்திட்டா, பொம்மையோட மூக்கும் சேர்ந்து போயிடும்." அதேதான் நடந்திருக்கிறது. எது மணல், எது ஆயாவின் சுருக்கம் என்று போனுக்கு எப்படித் தெரியும்? ரெண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

அப்படியானால் 108 மெகாபிக்சல் என்றது பொய்யா? பொய் இல்லை நண்பர்களே, ஆனால் நமக்கு வேண்டிய உண்மை அது இல்லை. ஒரு காணி நிலம் இருக்கிறது. அதை 12 பாத்தியாகவும் பிரிக்கலாம், 108 பாத்தியாகவும் பிரிக்கலாம். பாத்தி கூடினால் விளைச்சல் கூடுமா? நிலம் அதே காணிதானே! சென்சார் என்பது நிலம். மெகாபிக்சல் என்பது பாத்தி. 108 மெகாபிக்சல் போன்களே சாதாரணமாகப் படம் எடுக்கும்போது ஒன்பது பாத்தியின் வரப்பை அழித்து ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. நான் ரெண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுக்கச் சொன்னது வரப்புக்கு!

இன்னொரு கணக்கும் போட்டேன். போட்ட பிறகு ஏன் போட்டோம் என்று இருந்தது. அந்தக் குரூப் போட்டோவில் ஆயாவின் முகம் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான். 8 மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு 0.8 மில்லிமீட்டர். ஒரு கடுகைவிடச் சின்ன இடம்! அந்த இடத்தில், அந்த மங்கல் வெளிச்சத்தில் விழுந்த தூறலை வைத்துக்கொண்டு, எழுபது வருஷம் வாழ்ந்த ஒரு முகத்தை எப்படி எழுத முடியும்?

அடுத்தது அபெர்ச்சர். லென்ஸில் ஒளி நுழைகிற துளை. சூளைச் சுவரில், உள்ளே கூம்பு சாய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு துளை விட்டிருப்போமே, அந்த மாதிரி. கேமரா லென்ஸில் அதைச் சுருக்கவும் விரிக்கவும் முடியும். பெரும்பாலான போன்களில் ஒரே அளவில் நிற்கும். இதை எஃப் எண்ணால் குறிக்கிறார்கள். லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். வகுத்தல் என்பதால் தலைகீழ்க் கணக்கு: எண் சின்னதானால் துளை பெரிசு. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் துளை ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். நம்ம பத்து ரூபாய் நாணயம் அளவு. எஃப் 5.6 என்றால் 9 மில்லிமீட்டர்தான். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று படித்திருக்கிறோம். அதனால் எஃப் 5.6ஐவிட எஃப் 1.8 பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும்.

"போன் அட்டையிலும் எஃப் 1.8 என்றுதானே போட்டிருக்கிறது?" என்பீர்கள். நானும் அங்கேதான் ஏமாந்தேன். போன் லென்ஸின் குவியத் தூரம் சுமார் 6 மில்லிமீட்டர். 1.8ஆல் வகுத்தால் 3.3 மில்லிமீட்டர். கொத்தமல்லி விதை அளவு ஓட்டை! எஃப் எண் ஒன்றாக இருந்தால் மழையின் வேகம் ஒன்று, அவ்வளவுதான். பாத்திரத்தின் வாயைச் சென்சார்தான் தீர்மானிக்கிறது. இந்தப் போனில் எஃப் 1.8இல் எடுக்கும் படமும், அதே காட்சியை ஃபுல் பிரேம் கேமராவில் எஃப் 8இல் எடுக்கும் படமும், மொத்த ஒளியிலும் பின்னணி மங்குவதிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே ரெண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படித்தால் பாதிப் படிப்பு.

துளையின் அளவு வெளிச்சத்தோடு முடிந்துவிடுவதில்லை. கண்ணாடி போடாத பெரியவர்கள் பஸ் போர்டைப் படிக்கக் கண்ணை இடுக்கிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? துளை சின்னதானால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரியும். துளை பெரிதானால் பார்த்த இடம் மட்டும் தெளிவு, முன்னும் பின்னும் மங்கிவிடும். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை பெண் முகம் மட்டும் பளிச்சென்று நின்று பின்னால் சீரியல் பல்பெல்லாம் உருண்டை உருண்டையாகத் தெரிகிறதே, அது இந்த வித்தைதான்.

இதிலே நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் படித்த ஜோரில், ஸ்டுடியோ அண்ணனிடம் கேமரா கடன் வாங்கி வந்து நம்ம வகுப்பு குரூப் போட்டோவை நானே எடுத்தேன். 'எஃப் 1.8தான் உசத்தி' என்று வைத்து அழுத்தினேன். முன்வரிசை தெளிவு. பின்வரிசையில் நின்ற பதினொரு பேரும் மங்கல்! இன்னும் என்னோடு ரெண்டு பேர் பேசுவதில்லை. நாலு வரிசை நிற்கும்போது எஃப் 8 வைக்க வேண்டும், வெயிலில் நிற்க வைத்து எடுக்க வேண்டும் என்று அப்புறம்தான் புத்தி வந்தது.

துளையை எவ்வளவு பெரிதாக்கலாம்? 1975இல் வெளிவந்த 'பேரி லிண்டன்' என்ற ஆங்கிலப் படத்தில் ஸ்டான்லி குப்ரிக் சில காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுத்தார். அதற்கு அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்காகச் செய்த 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸைப் பயன்படுத்தினார். அதன் துளை 70 மில்லிமீட்டருக்கு மேல். ஒரு டம்ளர் வாயளவு. நம் ஊர்ப் பேட்டையில் கார்த்திகைக்கு அகல் விளக்கு செய்கிறோம். அந்த அகல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் நம் ஆயாக்களைப் படம் எடுக்க வேண்டுமானால் இப்படி ஒரு வாய் வேண்டும்!

அளவின் அருமைக்குத் தமிழ்நாட்டிலேயே பழைய சாட்சி இருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரப் படை அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர், 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் சுற்றிப் படம் எடுத்தார். சென்சாருக்குப் பதில் ஏறத்தாழ ஓர் அடி நீளக் காகித நெகட்டிவ். நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவு. பெரிசாக்கும் வேலையே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படமாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். அந்தக் காலத்தில் மெகாபிக்சல் ஏது? பெரிய நிலம் இருந்தது, பொறுமை இருந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு சாட்சி இருந்தது. ஸ்டுடியோவிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்று ராத்திரி, அப்பா தகரப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக் கொடுத்தார். கல்யாணமான புதிதில் தாத்தாவும் ஆயாவும் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டது. நெற்றிப் பச்சை தெரிகிறது. மூக்குத்தியில் மூன்று கல் எண்ணலாம். புடவைக் கரையில் நூல் தெரிகிறது. "இது 120 பிலிமா இருக்கும்மா" என்றார் ஸ்டுடியோ அண்ணன். அந்தப் பிலிமில் ஒரு படம் 56க்கு 56 மில்லிமீட்டர். போன் சென்சாரைப்போல 65 மடங்கு. அந்த பிலிமில் ஆயாவின் முகம் விழுந்த இடம் ஒரு கொண்டைக்கடலை அளவாவது இருக்கும். எங்கே கடுகு, எங்கே கொண்டைக்கடலை!

ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் நமக்கெல்லாம் பிலிம் செய்து கொடுத்தது. டிஜிட்டல் வந்தது, அந்த ஆலை மூடிக்கிடக்கிறது. பிலிம் போனால் போகட்டும். அண்டாவில் அதிகத் தண்ணீர் சேரும் என்ற கணக்கு மட்டும் போகவில்லை, போகவும் போகாது.

ஹாஸ்டல் தோழி ஒருத்தி என்னோடு சண்டை போட்டாள். "இப்பல்லாம் போனே பத்துப் படம் எடுத்து ஒண்ணாச் சேர்த்துடுது. ஏஐ வந்து மீதியைச் சரி பண்ணிடுது. உனக்கு எதுக்குடி பெரிய கேமரா?" என்றாள். அவள் சொன்னதில் பாதி சரி. பல படங்களைச் சேர்ப்பது நல்ல வழி. டம்ளரைப் பத்து முறை மழையில் வைப்பது மாதிரி. ஆள் அசையாமல் நின்றால் பலன் உண்டு. பகல் வெளிச்சத்தில் போன் படத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. நாம் செய்த பொம்மையையும் ஜாடியையும் படம் எடுக்கப் பெரிய கேமராவைவிடப் போனே வசதி. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து தெளிவாக விழும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் ஏஐ சரி பண்ணும் என்ற பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பதிவாகாத சுருக்கத்தை அது வேறு யாருடைய முகத்தையோ பார்த்துப் பழகி வரைந்து கொடுக்கும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். அது யாரோ ஒரு ஆயா. எங்க ஆயா இல்லை.

ஆகவே என் கருத்து இதுதான். விழாக்களைப் படம் எடுக்கப் பேரவை நிதியில் மெகாபிக்சல் அதிகமுள்ள போன் ஒன்று வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. வேண்டாம். அந்தப் பணத்தில் பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும், ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் வாங்குங்கள். லென்ஸ்களில் மலிவான வகையும் அதுதான். பத்து வருஷப் பழசானாலும் அதன் சென்சார் சுருங்கிவிடாது. எல்லா மாணவரும் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும். ரெண்டு மணி நேரம் சொல்லிக் கொடுக்க ஸ்டுடியோ அண்ணனையே கூப்பிடலாம்.

கேமரா வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கையில் இருக்கிற போனே போதும். ஆயாவைக் காலையில் வாசல் பக்கம் உட்கார வையுங்கள். வாசல் வெளிச்சம் காசில்லாமல் கிடைக்கிற அபெர்ச்சர்! ஜூம் பண்ணாமல் நாலடி கிட்டே போங்கள். முகம் கடுகிலிருந்து கொண்டைக்கடலையை நோக்கி வளரும். அழகாக்கும் பட்டனை அணைத்துவிடுங்கள். இது எதற்கும் ஒரு பைசா செலவில்லை. நான் பொங்கலன்றே இதைச் செய்திருக்கலாம்.

நண்பர்களே, நம்மில் நிறையப் பேர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நாம் அட்டையில் இருக்கும் எண்ணைப் படித்துச் சொன்னால், அதை வேதமாக எடுத்துக்கொள்கிறவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். பெரிய எண்ணை வாசிக்க நாலாவது வகுப்புப் போதும். அந்த எண் எதை அளக்கிறது, எதை மறைக்கிறது என்று கேட்பதற்குத்தான் நம்மைப் பாலிடெக்னிக் அனுப்பியிருக்கிறார்கள். போனுக்கு மட்டுமா இது? கடன் வட்டிக்கும் இதேதான், மருந்துக் கடைக்கும் இதேதான், நாளைக்கு நாம் சோதித்துச் சான்று எழுதப்போகும் இன்சுலேட்டருக்கும் இதேதான். படித்த பிள்ளை ஏமாந்தால் வீடே ஏமாறும்.

கருமாதிக்கு அந்தப் பழைய படத்திலிருந்துதான் ஆயாவை மட்டும் எடுத்துப் பெரிசாக்கி மாட்டினோம். வந்தவர்களில் பாதிப்பேருக்கு அடையாளம் தெரியவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் ஆயா, என் அம்மாவைவிடச் சின்னப் பெண்ணாக, இருபது வயசில் இருக்கிறார்கள். என்னைத் தூக்கி வளர்த்த அந்தச் சுருக்கம் விழுந்த முகம் எங்கேயும் இல்லை.

உங்கள் வீட்டில் ஆயா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். எடுத்துவிட்டு வந்து என்னிடம் காட்டுங்கள்.

பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

— இரண்டாமாண்டு மாணவி, செராமிக் டெக்னாலஜி பட்டயப் படிப்பு